ரூட்டர்ல சிவப்பு லைட் எரியுதா? கம்பத்துல தொங்குற கறுப்பு டப்பாவுக்குள்ள என்னதான் இருக்கு?

காலையில பிள்ளைக்கு ஆன்லைன் தேர்வு. வீட்டில் இன்னொருவருக்கு ஆபீஸ் மீட்டிங். அந்த நேரம் பார்த்து, சுவரில் இருக்கும் வெள்ளைப் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். கஸ்டமர் கேருக்கு அடித்தால் வரும் முதல் பதில் நமக்கு மனப்பாடம்: "ரூட்டரை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க."

எல்ஓஎஸ் என்றால் 'லாஸ் ஆஃப் சிக்னல்'. வீட்டுக்கு வர வேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்று பெட்டி சொல்கிறது. ஒளியே வராத பெட்டியை எத்தனை தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் பெரும்பாலும் பலன் இருக்காது. வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் எங்கோ ஒளி நின்றுபோயிருக்கு.

எங்கே? யாராவது ரோட்டைத் தோண்டி கேபிளை வெட்டாத வரைக்கும், கண்ணாடி இழை நடுவழியில் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். தகராறு எல்லாம் அதன் மூட்டுகளில்தான். இழையை ஒட்டிய இடம், செருகிய இடம், பிரித்த இடம். இந்த மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கத்தான் கம்பத்து டப்பாவும், எக்ஸ்சேஞ்ச் ரேக்கும், உங்க வீட்டுச் சுவரில் இருக்கும் குட்டிப் பெட்டியும். அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா, அடுத்த தடவை லைன் போகும்போது என்ன கேட்கணும்னு நமக்கே தெரியும்.

முடியை விட கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்

வீட்டுக்கு வரும் கறுப்பு ஒயரைப் பார்த்து இதுதான் ஃபைபர் என்று நினைத்துக்கொள்கிறோம். அது வெறும் உறை. உள்ளே இருக்கும் கண்ணாடி இழையின் விட்டம் 125 மைக்ரான். எட்டு இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். அதிலும் ஒளி ஓடுவது நடுவில் இருக்கும் சுமார் 9 மைக்ரான் 'கோர்' வழியாக மட்டும். தமிழில் இதற்கு 'ஒளியிழை' என்று அழகான சொல் இருக்கு. ஆனா லைன் பார்க்க வரும் அண்ணனிடம் ஒளியிழைன்னு சொன்னா ஒரு நிமிஷம் முழிப்பார். அவருக்கு அது 'கோர்'. "எத்தனை கோர் கேபிள்?" என்றால்தான் பேச்சு நகரும்.

1966-ல் சார்லஸ் காவ் என்ற ஆய்வாளர், கண்ணாடியில் இருக்கும் அழுக்கை நீக்கி, கிலோமீட்டருக்கு ஆகும் இழப்பை 20 டெசிபெல்லுக்குக் கீழே கொண்டுவந்தால் ஒளி மூலம் தகவல் அனுப்பலாம் என்று சொன்னார். 20 டெசிபெல் என்றால் நூறில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். அதுவே அப்போது பெரிய கனவு. 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அதைச் சாதித்தது. காவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைய இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு சுமார் 0.35 டெசிபெல் மட்டுமே. ஆனால் இரண்டு இழைகளை ஒரு கனெக்டர் வைத்துச் செருகினாலே 0.3 டெசிபெல் அளவுக்குப் போய்விடும். அதாவது ஒரு சாதாரண செருகல், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் கண்ணாடிக்குச் சமம். அழுக்கான செருகல் என்றால் பல கிலோமீட்டர். கண்ணாடி அவ்வளவு சுத்தமாகிவிட்டதால், இப்போ எல்லாப் பழியும் மூட்டு மேலதான்.

எக்ஸ்சேஞ்சில் தொடங்கும் பயணம்

உங்க நெட் கம்பெனியின் அறையில் 'ஓஎல்டி' என்ற கருவி இருக்கும். ஒளியை அனுப்புவது இதுதான். இதிலிருந்து நேராக ரோட்டுக்கு கேபிள் போகாது. நடுவில் ஒரு இடைத்தட்டு உண்டு. பெரிய எக்ஸ்சேஞ்சில் அலமாரி உயரத்துக்கு இருந்தால் 'ஓடிஎஃப்'. சின்ன அறையில், 19 அங்குல ரேக்கில் பொருத்தும் தட்டையான பெட்டியாக இருந்தால் 'பேட்ச் பேனல்'. நம்ம ஊர் நெட்வொர்க் ஆட்கள் இதை 'லியூ' என்பார்கள். ஒன்றே முக்கால் அங்குல உயரப் பெட்டியில் 24 இணைப்புகள் வரை அடங்கும்.

எதற்கு இந்த இடைத்தட்டு? ரோட்டிலிருந்து வரும் கேபிள் முரட்டுத்தனமானது. அடிக்கடி ஆட்டக் கூடாது. ஆனால் அறைக்குள் ஆட்கள் தினமும் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பார்கள். அதனால் வெளிக் கேபிளின் ஒவ்வொரு கோருக்கும் 'பிக்டெயில்' என்ற குட்டி இழையை ஒட்டி, பெட்டிக்குள் சுருட்டி வைத்துவிடுவார்கள். பிக்டெயிலின் ஒரு முனையில் தொழிற்சாலையிலேயே கனெக்டர் போட்டிருக்கும். அந்த முனை பேனலின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். முன்பக்கத்தில் 'பேட்ச் கார்டு' என்ற மஞ்சள் ஒயரை மட்டும் கழற்றி மாட்டலாம். வெளிக் கேபிளை யாரும் தொட மாட்டார்கள்.

இங்கே வரும் பெரிய பிரச்சினைக்கு டெக்னாலஜியே தேவையில்லை: பெயர்ச்சீட்டு. எந்த வாய் எந்தத் தெருவுக்குப் போகுது என்று ஒட்டாமல் விட்டால், ஒரு வீட்டின் கோளாறைச் சரிசெய்ய வந்தவர் இன்னொரு வீட்டு லைனைக் கழற்றிவிடுவார். நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உள்ள ஆபரேட்டரிடம் இணைப்பு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்றே சொல்லலாம்.

கண்ணாடியை எப்படி ஒட்டுறாங்க?

செம்புக் கம்பி என்றால் முறுக்கி டேப் சுற்றினால் வேலை முடிந்தது. 9 மைக்ரான் கோரை அப்படி முறுக்க முடியாதே. இதற்கு 'ஃப்யூஷன் ஸ்பிளைசிங்'. ஜப்பானின் ஃபுஜிகுரா, சுமிடோமோ போன்ற நிறுவனங்கள் தயாரிக்கும் சின்ன மெஷின் ஒன்றை லைன் ஆட்கள் பையில் வைத்திருப்பார்கள்.

முதலில் இழையின் பிளாஸ்டிக் பூச்சை ஸ்ட்ரிப்பரால் உரிப்பார்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைப்பார்கள். பிறகு 'கிளீவர்'. இது கத்தரிக்கோல் மாதிரி வெட்டாது. இழையில் லேசாகக் கீறி, நேர் செங்குத்தாக உடைக்கும். முனை ஒரு டிகிரிக்கு மேல சாய்ந்தாலே ஒட்டு சுமார்தான். தயாரான இரண்டு முனைகளையும் மெஷினில் வைத்து மூடினால், உள்ளே இருக்கும் கேமரா திரையில் பெரிதாகக் காட்டும். மெஷினே இரண்டையும் நேராக்கி, இரண்டு மின்முனைகளுக்கு நடுவில் ஒரு மின்பொறியை உண்டாக்கும். கண்ணாடி உருகி ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். சில நொடி வேலை. நன்றாக வந்த ஒட்டில் இழப்பு 0.05 டெசிபெல் அளவுக்கோ அதற்கும் கீழேயோதான் இருக்கும். கனெக்டர் செருகலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஒட்டிய இடத்தில் பூச்சு இல்லாததால் லேசாகத் தட்டினாலே உடையும். அதனால் உள்ளே ஒரு குட்டி ஸ்டீல் கம்பி வைத்த 'ஸ்லீவ்' ஒன்றை அதன் மேல் நகர்த்தி, சூட்டில் சுருங்க வைப்பார்கள். இந்த ஸ்லீவை ஒட்டுவதற்கு முன்பே இழையில் கோத்திருக்க வேண்டும். மறந்தால் வெட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ராத்திரி பத்து மணிக்கு, கம்பத்தடியில், டார்ச் வெளிச்சத்தில் 24 கோர் ஒட்டும் ஒருவருக்கு இது நடந்தால் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அந்தக் கறுப்பு டப்பா

இப்போ தலைப்புக்கு வருவோம். கம்பத்தில் கவிழ்த்த டம்ளர் மாதிரி தொங்குவது 'ஜாயின்ட் க்ளோஷர்'. லைன் ஆட்கள் சுருக்கமாக 'ஜேசி' என்பார்கள். டிபன் பாக்ஸ் மாதிரி நீளமாகவும் இருக்கும். திறந்தால் உள்ளே புத்தகப் பக்கங்கள் மாதிரி புரட்டக்கூடிய பிளாஸ்டிக் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் 12 அல்லது 24 ஒட்டுகள் வரிசையாகப் பள்ளத்தில் பொருந்தியிருக்கும். மிச்ச இழை வட்டமாகச் சுற்றப்பட்டிருக்கும். அந்த வட்டத்தைச் சின்னதாக்கினால் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். சாதாரண இழைக்கு 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் வளைப்பதுதான் வழக்கம்.

எந்தக் கோர் எது என்று எப்படித் தெரியும்? நிறம்தான். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு, வெளிர் நீலப்பச்சை. டிஐஏ-598 என்ற தரநிலை சொல்லும் 12 நிற வரிசை இது. 12-க்கு மேல் போனால், இழைகள் இருக்கும் குழாயின் நிறத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். நீலக் குழாயில் பச்சை என்றால் 3-வது கோர். ஆரஞ்சுக் குழாயில் பச்சை என்றால் 15-வது.

டப்பாவின் எதிரி தண்ணீர். மூடியில் ரப்பர் வளையம், கேபிள் நுழையும் வாயில் சூட்டில் சுருங்கும் குழாய் அல்லது ஜெல் அடைப்பு இருக்கும். ஒழுங்காக மூடினால் மழையில் தொங்கினாலும், மண்ணுக்குள் புதைத்தாலும் தாங்கும். பிரச்சினை, அவசரத்தில் திறந்துவிட்டு வளையத்தைச் சரியாக வைக்காமல் மூடுவதில்தான். அந்த இடைவெளியில் முதலில் எறும்பு குடியேறும். பிறகு ஈரம்.

டப்பாவுக்குப் பக்கத்தில் வட்டம் வட்டமாகச் சுருட்டித் தொங்கும் கேபிளையும் பார்த்திருப்பீர்கள். வெட்டி எறியாமல் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டார்கள் என்று தோன்றும். அது வேணும்னே விட்டு வைக்கும் உபரி. நாளைக்கு லாரி உரசி கேபிள் அறுந்தால், உபரியை இழுத்து ஒரே இடத்தில் ஒட்டிவிடலாம். உபரி இல்லையென்றால் நடுவில் புதுத் துண்டு போட்டு இரண்டு இடத்தில் ஒட்ட வேண்டும்: இரண்டு டப்பா, இரண்டு மடங்கு நேரம். 2018 கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பத்தை நம்பித் தொங்கும் கேபிளுக்கு அந்த மாதிரி நாளில் என்ன ஆகும்னு தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தோண்டுவதால் வரும் சேதத்தைக் குறைக்க, 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. ஜேசிபி இறங்கும் முன் அந்த இடத்தில் யாருடைய கேபிள் இருக்கு என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு இழை, 64 வீடு

எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இழை வருவதில்லை. வழியில் 'ஸ்பிளிட்டர்' இருக்கும். கரன்ட் தேவையே இல்லாத கண்ணாடித் துண்டு. ஒரு ஒளியை 2, 8, 16, 32 என்று பங்கு போடும். உங்க தெருவில் கரன்ட் போனாலும் இதற்குக் கவலை இல்லை. வீட்டுப் பெட்டிக்கு யூபிஎஸ் இருந்து, எக்ஸ்சேஞ்சிலும் பேக்கப் இருந்தால், நெட் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆனால் பங்கு போட்டால் ஒளி குறையுமே? ஒன்றை எட்டாக்கினால் சுமார் 10.5 டெசிபெல் போகும். எட்டை மறுபடி எட்டாக்கி 64 வீடு என்றால் 21 டெசிபெல். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓஎல்டி அனுப்புவது பிளஸ் 3 டிபிஎம், அதாவது 2 மில்லிவாட். ஸ்பிளிட்டர்களில் 21, மூன்று கிலோமீட்டர் இழையில் ஒன்று, நான்கு கனெக்டரில் 1.2, ஆறு ஒட்டுகளுக்குத் தாராளமாக 0.6 என்று வைத்தால் மொத்தம் 24 டெசிபெல்லுக்குப் பக்கம். உங்க வீட்டில் வந்து சேர்வது மைனஸ் 21 டிபிஎம். புறப்பட்டதில் 250-ல் ஒரு பங்கு. 'ஜிபான்' வகை வீட்டுப் பெட்டிகளுக்கு வழக்கமான கீழ் எல்லை மைனஸ் 27.

பார்க்க 6 டெசிபெல் கையிருப்பு இருக்கிற மாதிரி தெரியும். அலமாரி கதவில் ஒயர் நசுங்கினால் 3 போகும். கனெக்டரில் தூசி படிந்தால் இன்னும் 2. இப்போ மைனஸ் 26. லைன் முழுசாகப் போகாது; வரும், போகும். போன் போட்டால் "இங்க எல்லாம் சரியாத்தானே காட்டுது" என்பார்கள். அவர்கள் பார்த்த நேரத்தில் வந்துகொண்டு இருந்திருக்கும். அடிக்கடி விட்டு விட்டு வரும் இணைப்புகளில் இந்தக் கதை சகஜம்.

பச்சையா, நீலமா?

கடைசி ஸ்பிளிட்டர் பெட்டியிலிருந்து உங்க வீட்டுக்கு வருவது தட்டையான 'டிராப் கேபிள்'. வீட்டுக்குள் அதன் முனையில் சதுரமான பிளாஸ்டிக் கனெக்டர் போட்டு பெட்டியில் செருகுவார்கள். இதன் நிறத்தை கவனியுங்க. பச்சை என்றால் 'ஏபிசி': உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கான் முனை 8 டிகிரி சாய்வாக இழைக்கப்பட்டிருக்கும். செருகிய இடத்தில் பட்டுத் திரும்பும் ஒளி, வந்த வழியே போகாமல் பக்கவாட்டில் போய்விடும். நீலம் என்றால் 'யூபிசி', முனையில் சாய்வு கிடையாது. ஒரே இழையில் கேபிள் டிவியும் வந்தால் திரும்பி வரும் ஒளி படத்தைக் கெடுக்கும். அதனால் அங்கே பச்சை கட்டாயம்.

பச்சையை நீலத்தில் செருக முடியும். அதுதான் ஆபத்து. டக் என்று சரியாக உட்காரும். ஆனால் ஒரு முனை சாய்வு, இன்னொன்று நேர். நடுவில் காற்று இடைவெளி. பல டெசிபெல் போய்விடும், முனையும் கீறலாம். ரூட்டரை இடம் மாற்றும்போது கையில் கிடைத்த பேட்ச் கார்டைச் செருகாதீங்க. பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம்.

இன்னொரு விஷயம். வீட்டு முனையில் பிக்டெயில் வைத்து மெஷினில் ஒட்டுவது நல்ல முறை. நேரம் மிச்சம் பிடிக்க, இரண்டு நிமிடத்தில் கையாலேயே மாட்டும் 'ஃபாஸ்ட் கனெக்டர்' போடுபவர்களும் உண்டு. அது மோசம் என்று சொல்ல முடியாது. உள்ளே இழைகள் உருகி ஒட்டுவதில்லை, முனையோடு முனை தொட்டு நிற்கும், நடுவில் கொஞ்சம் ஜெல். ஒயரை இழுத்தால், அசைத்தால் நழுவ வாய்ப்பு அதிகம். மாதம் ஒருமுறை லைன் போகும் வீட்டில் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வரணும்.

சிவப்பு லைட் வந்தால்...

முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்க. அதே கம்பெனி இணைப்பு அவர்களுக்கும் போயிருந்தால் கோளாறு கம்பத்தில் அல்லது அதற்கும் மேலே. நீங்க செய்ய ஒன்றும் இல்லை. உங்களுக்கு மட்டும் போயிருந்தால் டிராப் கேபிளிலோ அதன் இரண்டு முனைகளிலோதான். ஒயர் எங்காவது கதவில் நசுங்கியிருக்கா, ஆணியில் இறுக்கி மடித்திருக்கா, அணில் கடித்திருக்கா என்று பார்க்கலாம். கனெக்டர் முழுசாக உள்ளே போயிருக்கா என்று அழுத்திப் பார்க்கலாம். முனையை விரலால் தொடவோ, ஊதவோ, சட்டையில் துடைக்கவோ வேண்டாம். தொட்டால் விரலின் எண்ணெய் அப்படியே கோர் மேலே ஒட்டிக்கொள்ளும்.

ஆள் வந்ததும் "புது ரூட்டர் வாங்கணும்" என்று ஆரம்பித்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "பவர் எவ்வளவு வருது?" பவர் மீட்டரில் செருகி அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். மைனஸ் 20-ஐ ஒட்டி நல்ல ஒளி வந்தும் சிவப்பு லைட் அணையவில்லை என்றால் பெட்டியைச் சந்தேகப்படலாம். மைனஸ் 28, 30 என்றால் பெட்டி பாவம், அதன் மேல் தப்பில்லை. காசு கொடுத்துப் புதுசு வாங்கினாலும் இதே சிவப்பு லைட்தான் எரியும். வேலை முடிந்து கிளம்பும்போதும் அதே எண்ணைக் கேட்டுச் சுவரில் தேதியோடு எழுதி வைங்க. அடுத்த முறை எவ்வளவு இறங்கியிருக்கு என்று ஒப்பிட அது உதவும்.

ஒட்டிவிட்டுப் போன பிறகு தரையைக் கையால் பெருக்க வேண்டாம். வெட்டி விழுந்த கண்ணாடித் துண்டு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, தோலில் ஏறினால் எடுப்பதும் கஷ்டம். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்க, குழந்தைகளை அதுவரை தள்ளி வைங்க.

கழற்றிய முனைக்குள் "லைட் வருதா" என்று கண்ணை வைத்துப் பார்ப்பதும் வேண்டாம். லைன் ஆள் சிவப்பாக அடித்துக் காட்டுவது உடைப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை லேசர். அதையும் நேராகப் பார்க்கக் கூடாது. நெட் ஓடும் ஒளியோ 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு. நம் கண்ணுக்கு இருட்டாகத்தான் தெரியும். டிவி ரிமோட்டை மொபைல் கேமராவில் பார்த்தால் முனை மின்னுவது தெரியுமே, அந்த வித்தையும் இங்கே எடுபடாது. போன் கேமராவின் சிலிக்கான் சென்சாருக்கு இந்த ஒளி எட்டாது. கேமராவில் ஒன்றும் தெரியலைன்னு லைன் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க.